மலைமுகட்டில் ஒரு கணக்கெடுப்பு

ஆட்டைத் தோளிற் போட்டுக்கொண்டு காடெங்கும் தேடியவன் கதையைச் சொல்லிச் சிரிப்பது நம் வீடுகளில் வழக்கம். ஆனால், 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24ஆந் திகதி தொடங்கி நான்கு தினங்கள், தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் நூற்றுக்கணக்கானோர் மெய்யாகவே ஓர் ஆட்டைத் தேடித் திரிந்தனர். தொலைநோக்கியும் குறிப்பேடுமாக அவர்கள் ஏறாத முகடில்லை. எட்டிப் பார்க்காத பாறை விளிம்பில்லை. தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலத்து அரசுகளும் ஒரே வேளையில், ஒரே முறையில் நடத்திய அந்தத் தேடுதல், தொலைந்துபோன ஆட்டுக்காக நடந்ததன்று. இனித் தொலைந்துபோகாதிருக்க வேண்டுமே என்ற கவலையினால் நடந்தது.

அந்த ஆட்டின் பெயர் வரையாடு. வரை என்பது மலை. மலையில் வாழும் ஆடாதலின் வரையாடு ஆயிற்று. பழந்தமிழ்ப் புலவர்கள் வருடை என்று குறித்ததும் இதனையே என்பர் அறிஞர். இன்று தமிழ்நாட்டின் அரச விலங்கு என்ற சிறப்பும் இதற்கு உண்டு. இவ்வாரம் இந்த விலங்கைப் பற்றியும், அதனை எண்ணுகிற கலையைப் பற்றியும் நம் வாசகர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

நமக்கென்ன உறவு?

இலங்கைத் தீவிற் காட்டாடும் இல்லை, காட்டுச் செம்மறியும் இல்லை. அவ்வாறிருக்க, நுவரெலியாவிலும் ஹட்டனிலும் வாழும் நமக்கு வரையாட்டைப் பற்றி என்ன கவலை என்று யாரேனும் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும் உறவு ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று அந்நாளில் மலையக மக்கள் எண்ணிப் பங்கிடப்பட்டனர். அவ்வாறு கடல் கடந்தவர்களிற் பலர் சேர்ந்த இடம் நீலகிரியும் வால்பாறையுமாகும். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு நீலகிரியிற் தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்தது. ஆகவே கோத்தகிரியிலும் கூடலூரிலும் வால்பாறையிலும் கொழுந்து பறிக்கும் கைகளில் நம் மாமன் மக்களின் கைகளும் இருக்கின்றன. அவர்கள் வாழும் மலைகளின் உச்சிகளிலேதான் வரையாடும் வாழ்கிறது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் வளைவுப் பாதையில், பஸ்ஸிலிருந்தபடியே அதைக் கண்டு மகிழ்வோரும் உண்டு.

ஆடா, செம்மறியா?

முழு வளர்ச்சி அடைந்த கடா ஏறத்தாழ 100 கிலோ நிறையுள்ளது. பெட்டையின் நிறை ஏறக்குறைய அதிற் பாதி. இரு பாலுக்கும் பின்னோக்கி வளைந்த கொம்புண்டு. எனினும் கடாவின் கொம்பே நீளமும் பருமனும் உடையது. வயது முதிர முதிரக் கடாவின் உடலிற் கருமை படரும். முதுகிலே வெண்சாம்பல் நிறத் திட்டொன்று தோன்றும். குதிரைக்குச் சேணம் போட்டாற் போன்றிருப்பதால் அக்காலத்து ஆங்கில வேட்டைக்காரர் இத்தகைய கடாவைச் சேணமுதுகன் என்று அழைத்தனர்.

விலங்கியல் நூல்கள் இதனை நெடுங்காலமாக இமயமலையிலுள்ள தார் என்னும் காட்டாட்டின் தம்பியாகவே கருதி வந்தன. 2005ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி அந்த உறவுமுறையை மாற்றிவிட்டது. பெயரில் ஆடாயினும், வரையாடு செம்மறிக் குலத்துக்கே நெருங்கியது என்பது அதனாற் புலனாயிற்று. அமெரிக்காவின் ராக்கி மலைகளில் வளைந்து சுருண்ட கொம்புடன் நிற்கும் பிக்ஹார்ன் என்னும் காட்டுச் செம்மறியின் படத்தை நம் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். அதுவும் நம் வரையாடும் தூரத்து உறவினர் என்றாற் பிழையாகாது.

வரையாட்டுக்கு இரண்டு பொருள் இன்றியமையாதவை: மேய்வதற்குப் புல்வெளி, ஓடி ஒளிவதற்குச் செங்குத்தான பாறை. புல்வெளியில் மேயும்போது சிறுத்தையோ செந்நாயோ தலைகாட்டினால், சீழ்க்கை போன்றதொரு ஒலி எழும். மறுகணம் மந்தை முழுவதும் பாறைச் சரிவில் இறங்கி நிற்கும். இவ்விரண்டும் அடுத்தடுத்து அமைந்த இடம், பெரும்பாலும் 4,000 அடிக்கு மேற்பட்ட மலைமுகடுகளிலேயே கிடைக்கும். நீலகிரி தொடங்கித் தெற்கே அகத்தியமலைப் பகுதி வரையுள்ள மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இவ்விலங்கு இயற்கையாக வாழவில்லை.

தேயிலைக்கு மேலே தப்பிய புல்வெளி

வரையாடுகள் மிகுதியாக வாழுமிடம் மூணாற்றையடுத்த இரவிகுளம். 8,842 அடி உயரமுள்ள ஆனைமுடி அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் கண்ணன் தேவன் மலைகளின் தேயிலை. தேயிலைக்கு ஒவ்வாத உயரமும் உறைபனியும் உள்ள இப்புல்வெளியைத் தோட்டத்துத் துரைமார் தங்கள் வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தனர். காவல் காத்தவர்கள் அம்மலைகளின் பழங்குடிகளான முதுவர்கள். வேட்டைக்கென்று காக்கப்பட்ட இடமே பின்னர் விலங்குக்கு அடைக்கலமாயிற்று. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கேரள அரசு நிலத்தை மீட்டது. 1975இல் அது சரணாலயமாகவும், 1978இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனமாயிற்று. பரப்பு 97 சதுர கிலோமீற்றர். 2025ஆம் ஆண்டுக் கணக்கில் அங்கு மட்டும் 841 வரையாடுகள் காணப்பட்டன.

மற்ற மலைகள் எல்லாவற்றுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிட்டவில்லை. வெறும் புல்தானே, வீணாகக் கிடக்கிறதே என்று எண்ணி, நீலகிரிப் புல்வெளிகளிற் சீகை, கற்பூரமரம் எனப்படும் யூக்கலிப்டஸ், பைன் முதலிய அந்நிய மரங்களை நட்டார்கள். மரம் நடுவது நற்செயலென்று பாடசாலையிற் படிக்கிறோம், அது உண்மையே. ஆனால் புல்லுக்குரிய நிலத்தில் மரத்தை நட்டாற் புல்லை நம்பிய உயிர் எங்கே போகும்? மந்தைகள் மலைக்கொன்றாய்த் தனித்தனியே சிதறின. முகடு என்பது கடலில் தீவு போன்றது. ஒரு முகட்டிலுள்ள பத்துப் பதினைந்து ஆடுகள் அழிந்தால், அடுத்த முகட்டிலிருந்து வந்து குடியேற இடையிலே வழியிருக்காது.

எண்ணுவது எவ்வாறு?

வரையாட்டின் இருப்பிடங்களை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஈ. ஆர். சி. டேவிதார். தொழிலால் வழக்கறிஞர், மனத்தால் மலைகளுக்குரியவர். 1975ஆம் ஆண்டு முதல் அவர் நடத்திய ஆய்வை நினைவுகூர்ந்து, அக்டோபர் 7ஆந் திகதியைத் தமிழ்நாட்டில் வரையாட்டு தினமாகக் கொண்டாடுகின்றனர். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாய்ச் செலவில் வரையாட்டுத் திட்டம் ஒன்றையும் வகுத்தது.

எண்ணுவதென்றால் எளிதான காரியம் போலத் தோன்றும். தோட்டத்துப் பட்டியில் மாலையில் ஆட்டை அடைக்கும்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். மலைமுகட்டிலோ கதை வேறு. மூடுபனி கணத்திலே எல்லாவற்றையும் மறைத்துவிடும். படுத்திருக்கும் ஆட்டுக்கும் பாறைக்கும் வேற்றுமை தெரியாது. இன்று இருபதாய் மேய்ந்த மந்தை நாளை இரண்டாய்ப் பிரியும். மற்றொரு மந்தையுடன் கலக்கும். சிறுத்தைக்கு உடலிலுள்ள புள்ளி அடையாளமாகும். வரையாட்டுக்கு அத்தகைய அடையாளமும் இல்லை. கண்டதையே மறுபடியும் எண்ணுவதும், காணாததை விட்டுவிடுவதும் ஆகிய இரண்டு பிழைக்கும் இடமுண்டு.

ஆகவே முதலில் மலைகளைச் சிறு சிறு தொகுதிகளாகப் பிரிக்கின்றனர். ஒரே நாட்களில் எல்லாத் தொகுதிகளிலும் ஆட்களை நிறுத்துகின்றனர். மேய்ச்சல் நடக்கும் காலையும் மாலையுமே எண்ணுவதற்கு ஏற்ற வேளை. கீழிருந்து வரும் பகையையே அஞ்சிப் பழகிய விலங்காதலால், மேலிருந்து அணுகுவது நலம் என்பது பழைய வேட்டைக்காரரின் அனுபவம். கொல்லப் போனவர் கண்ட உண்மை காக்கப் போவோருக்கும் பயன்படுகிறது. ஏப்ரல் மாதத்தைத் தேர்ந்ததற்கும் காரணமுண்டு. குட்டிகள் பெரும்பாலும் தைமாதத்தை ஒட்டிப் பிறக்கின்றன. ஏப்ரலில் அவை தாயுடன் புல்வெளிக்கு வந்துவிடும். தென்மேற்குப் பருவமழையும் தொடங்கியிராது.

கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்களுக்காக அவர்கள் கையாளும் முறைகள் இரண்டைச் சொல்லுவோம்.

முதல் முறை: ஒரே தொகுதியைப் பலமுறை எண்ணுவது. ஒரு தடவை 41 ஆடுகள், ஒரு தடவை 46, மற்றொரு தடவை 50 என்று வைத்துக்கொள்வோம். மிகப் பெரிய தொகையை இரட்டித்து, அதற்கடுத்த தொகையைக் கழிக்க வேண்டும். 100இல் 46 போக 54. ஐம்பதைக் கண்டோம், நான்கைக் காணத் தவறியிருக்கலாம் என்பது இதன் பொருள்.

இரண்டாம் முறை: இருவர் ஒருவரோடொருவர் பேசாமல், இடைவெளி விட்டுச் சென்று தனித்தனியே மந்தைகளைக் குறிப்பது. முதல்வர் 8 மந்தைகளைக் கண்டார். இரண்டாமவர் 9 மந்தைகளைக் கண்டார். குறிப்பேடுகளை ஒப்பிட்டபோது இருவரும் கண்டவை 6 என்று தெரிந்தது. இரண்டாமவர் கண்ட 9 மந்தைகளில் 6 முதல்வரின் கண்ணிலும் பட்டிருப்பதால், முதல்வரின் கண் மூன்றில் இரண்டு பங்கைப் பிடிக்கிறது எனலாம். அவர் கண்ட 8 மூன்றில் இரண்டு பங்கானால், முழுமை 12. இருவரும் சேர்ந்து கண்டவை 11. எவர் கண்ணிலும் படாதது ஒன்று. காணாததையும் கணக்கில் வைக்கும் இம்முறையின் அழகை மாணவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

தொகையைப் படிக்கும் முறை

இவ்வாறு 2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எண்ணியபோது கிடைத்த தொகை 1,031. மறுவருடம் அது 1,303 ஆயிற்று. அதே ஆண்டிற் கேரளத்தில் 1,365. இரண்டையும் கூட்டினால் 2,668. உலகத்து வரையாடுகள் அனைத்தும் சேர்ந்தாலும் நம் நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றின் பிள்ளைகள் தொகைக்கு அதிகம் மிஞ்சா.

1,031இலிருந்து 1,303 என்றதும், ஓராண்டில் 272 ஆடுகள் பெருகிவிட்டன என்று மகிழத் தோன்றும். அவசரம் வேண்டாம். முந்தின ஆண்டினும் அதிகமான தொகுதிகளில் ஆட்கள் நின்று பார்த்திருக்கிறார்கள். பார்க்கும் இடமும் பழகிய கண்ணும் கூடினால் தொகையும் கூடும். மொத்தத் தொகையைக் காட்டிலும், பெட்டைகளுக்கு எத்தனை குட்டிகள், அவற்றில் எத்தனை ஓராண்டைக் கடந்தன, முதிர்ந்த கடாக்கள் எத்தனை என்பனவே மந்தையின் நாடியைக் காட்டும். பெட்டை வழக்கமாக ஒரு முறைக்கு ஒரு குட்டியே ஈனும். நாற்பது ஆடுள்ள மந்தையிற் குட்டியே இல்லையென்றால், அது சனம் நிறைந்தும் தொட்டில் ஆடாத வீட்டைப் போன்றது.

எங்கே இருக்கின்றன என்று அறிவதும் எத்தனை என்று அறிவதைப் போலவே முக்கியம். அமெரிக்காவின் பிக்ஹார்ன் செம்மறிகளை ஹெலிகொப்டரிற் சென்றும், கழுத்திற் கருவி மாட்டியும் பின்தொடர்கின்றனர். காரணம், வீட்டுச் செம்மறியிடமிருந்து தொற்றும் நுரையீரல் அழற்சி, ஒரு மந்தையின் குட்டிகளை ஆண்டுக்கணக்கில் வாரிக்கொண்டு போகக்கூடியது. காட்டு மந்தையின் இருப்பிடம் தெரிந்தாலன்றோ வீட்டு மந்தையை அதன் வழியிலிருந்து விலக்க முடியும்? அவ்வாறே, வரையாடு எந்த முகட்டிலிருந்து எந்த முகட்டுக்கு நடக்கிறது என்று தெரிந்தால்தான், எந்த இடத்து அந்நிய மரங்களை அகற்றிப் புல்லை மீட்பது என்று முடிவு செய்யலாம்.

எனினும் அறியும் ஆவலுக்கும் ஒரு விலையுண்டு. 2023ஆம் ஆண்டின் இறுதியில், நீலகிரியிலுள்ள முக்குருத்தித் தேசியப் பூங்காவில், கழுத்திற் கருவி பொருத்துவதற்காக மயக்கமருந்து செலுத்தப்பட்ட சினையாடு ஒன்று இறந்துபோயிற்று. காக்க விரும்பும் கையும் தீங்கு செய்யக்கூடும். தூரத்திலிருந்து பொறுமையோடு பார்ப்பதாற் கிடைக்கும் அறிவு போதுமாயின், விலங்கைத் தீண்டாதிருப்பதே மேல்.

நம் மலைகளைப் பார்ப்போம்

இனி நம் பக்கம் திரும்புவோம். ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளியும் புல்வெளியும் குளிர்காடும் கலந்த பூமியே. 1988ஆம் ஆண்டு முதல் அது தேசியப் பூங்கா. 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஓர் அங்கம். வரையாடு நீலகிரிப் புல்லுக்கு எவ்வாறோ, அவ்வாறே இச்சமவெளிக்கு மரை. அந்தி சாயும் வேளையிற் காட்டோரத்திலிருந்து அவை கூட்டமாகப் புல்லில் இறங்கும் காட்சியைக் கண்டவர் மறக்கமாட்டார். இங்கும் கோர்ஸ் என்னும் முட்செடி, அந்நிய நாட்டிலிருந்து வந்து புல்லின் இடத்தைப் பிடித்திருக்கிறது. சுற்றுலா வருவோர் அன்பினால் ஊட்டும் பிஸ்கட்டும் பாணும் மரைக்கு உணவல்ல. அதனுடன் சேர்ந்துவரும் பொலித்தீன் உறை நஞ்சாகவே முடியும். நுழைவாயிலிற் பொலித்தீனை நீக்கிவிட்டே உள்ளே விடுகிறார்கள். அதை ஒரு தொல்லையென்று எவரும் முணுமுணுக்க வேண்டாம்.

மரையைத் தேடிச் சிறுத்தையும் வாழ்கிறது. அது பூங்காவின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. அஞ்சலி வட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகிய ஆராய்ச்சியாளர்கள், தேயிலை மலைகளிடையே தாமாக இயங்கும் புகைப்படக் கருவிகளை வைத்து, உடற்புள்ளிகளைக் கொண்டு சிறுத்தைகளை ஒவ்வொன்றாக இனங்கண்டு வருகின்றனர். லயத்துக்கும் ஆற்றோரக் காட்டுக்கும் இடையே, நாம் உறங்கும் வேளையில், அவை நடமாடுகின்றன என்பது இதனாற் தெளிவாயிற்று.

2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் நடந்ததை நம்மவர் அறிவர். இலங்கையில் அரிதினும் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்குக் கம்பியிற் சிக்கியது. உயிருடன் மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்றும், சில தினங்களில் அது மாண்டது. சுருக்கு வைப்பவர் நினைப்பது பெரும்பாலும் காட்டுப்பன்றியை. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி உழுதுவிட்டால், அரைவயிற்றுக் குடும்பத்துக்கு அது சிறிய நட்டமன்று. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கம்பிக்குக் கண்ணில்லை. பன்றிக்கு வைத்தது சிறுத்தையையும் பிடிக்கும், மரையையும் பிடிக்கும், வீட்டு நாயையும் பிடிக்கும். 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சிறுத்தையைக் காக்கிறது. ஆனால் சட்டம் மலைக்கு மலை நடந்து திரிவதில்லை. நடந்து திரிபவர்கள் நம் மக்களே. கொழுந்து மலைக்குப் போகும் தாய்மாரும், கவ்வாத்து வெட்டும் தந்தைமாரும், விறகுக்குச் செல்லும் இளைஞரும் காணும் அளவுக்கு எந்த உத்தியோகத்தரும் காண முடியாது. இரவிகுளத்தில் முதுவர்கள் எவ்வாறோ, இம்மலைகளில் நாம் அவ்வாறு. சுருக்கைக் கண்டால் தோட்டத்து நிர்வாகத்துக்கோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ அறிவிப்பது நம்மால் இயலக்கூடிய காரியம். சிக்கிய விலங்கை மாத்திரம் நாமே விடுவிக்க முயலக்கூடாது, அது உயிராபத்து.

மாணவர்களுக்கு ஒரு வேலை கூறுவோம். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திகதி, நேரம், இடம், வானிலை, கண்ட விலங்கு அல்லது பறவை, எத்தனை, என்ன செய்தது என்று ஏழு கட்டங்கள் போடுங்கள். லயத்துக்கு எதிரேயுள்ள காட்டில் வரும் கருங்குரங்குக் கூட்டங்களை நீங்களும் உங்கள் சிநேகிதரும், ஒருவர் ஏட்டை ஒருவர் பாராமல், தனித்தனியே குறியுங்கள். பின்னர் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓராண்டு தவறாமல் எழுதிய ஏடு எந்த ஆராய்ச்சியாளரும் விரும்பிப் படிக்கும் ஏடாகும்.

எண்ணப்படுவது எத்தகையது என்பதை மலையகத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைகளை எண்ணினார்கள், அத்தலைகளுக்குரியோர் எந்த மலையில் வேரூன்றியவர்கள், யாருக்கு யார் உறவு என்று கேட்டறியவில்லை. எண்ணிப் பிரிப்பது ஒன்று. எண்ணிக் காப்பது மற்றொன்று. வரையாட்டை எண்ணுவோர் ஒவ்வொரு மந்தையின் புல்லையும் பாறையையும் குட்டியையும் சேர்த்தே குறித்துக்கொள்கிறார்கள். அந்த முறையில் நம் மலைகளின் உயிர்களையும் எண்ணுவதற்கு நம் பிள்ளைகள் முன்வருவார்களாயின், அதைவிட நல்ல காவல் இம்மலைகளுக்கு வேறில்லை.